பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வராத கணினி

வீட்டில் இரண்டு லினக்ஸ் கணினிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, நீங்கள் பாடம் படிக்கும் லேப்டாப். இன்னொன்று, ரவுட்டருக்குப் பக்கத்தில் அலமாரி மேல் உட்கார்ந்திருக்கும் ராஸ்ப்பெரி பை. உள்ளங்கையில் அடங்கிவிடும் இந்தக் குட்டிக் கணினி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவானது. 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. வீட்டுப் புகைப்படங்களையும் மின்னூல்களையும் அதில் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். நேற்று வரை லேப்டாப்பில் அதன் பெயரைத் தட்டியதும் திறந்தது. இன்றைக்குத் தட்டினால் திரையில் ஒரே ஒரு வரி: ‘நேம் ஆர் சர்வீஸ் நாட் நோன்’. இந்தப் பெயரில் யாரையும் எனக்குத் தெரியாது என்கிறது லேப்டாப்.

பெரும்பாலானவர்கள் உடனே ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள். சில சமயம் சரியாகியும் விடும். ஆனால் எது கெட்டிருந்தது, எது சரியானது என்று தெரியாமலே போய்விடும். எனக்கு அது பிடிப்பதில்லை. ஒரு பொருள் ஒழுங்காக வேலை செய்யும்போது அதன் உள்ளே நடப்பது நம் கண்ணில் படுவதே இல்லை. மக்கர் செய்யும்போதுதான் உள்ளே எட்டிப் பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. அதை ஏன் விட வேண்டும்?

திரையில் வந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். பை கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. வைஃபை இல்லை என்றும் சொல்லவில்லை. பெயர் தெரியவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. துப்பறிய வேண்டிய இடத்தை அந்த ஒரு வரியே பாதியாகக் குறைத்துவிடுகிறது.

கணினிகள் தங்களுக்குள் தகவல் அனுப்பிக்கொள்வது எண்களை வைத்துத்தான். அந்த எண்ணுக்கு ஐ.பி. முகவரி என்று பெயர். 192.168.1.12 என்பதுபோல, நான்கு எண்கள், நடுவில் புள்ளிகள். ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். உங்கள் வீட்டு முகவரிகள் அநேகமாக 192.168 என்றுதான் தொடங்கும். பக்கத்து வீட்டிலும் அப்படியே. வீடு, அலுவலகம் போன்ற உள் வலையமைப்புகளுக்கென்றே சில எண் தொகுதிகளை 1996-இல் ஒரு விதியாக எழுதி ஒதுக்கிவைத்தார்கள். அதனால் உலகம் முழுவதும் கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே 192.168.1.12 இருக்கலாம், ஒன்றோடொன்று மோதாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

வீட்டுக்குள் எந்தக் கருவிக்கு எந்த எண் என்று பிரித்துக் கொடுப்பது ரவுட்டர். லேப்டாப்பை வைஃபையில் சேர்த்ததும் அது ரவுட்டரிடம் ஓர் எண் கேட்கும். ரவுட்டர் கொடுக்கும், ஆனால் நிரந்தரமாகக் கொடுக்காது. குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் அந்த எண் உங்களுடையது. நேரம் முடிவதற்குள் கருவி மறுபடி கேட்டுப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். பெரும்பாலும் பழைய எண்ணே திரும்பக் கிடைக்கும். கிடைத்தே தீரும் என்று உறுதி இல்லை.

ஆகவே முதல் சோதனை, எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பது. டெர்மினலைத் திறந்து, ஆங்கில எழுத்தில் பிங் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, பையின் எண்ணைத் தட்டுங்கள். பிங் ஒரு சின்ன நிரல். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் ஓர் ஆய்வுக்கூடத்தில் மைக் மூஸ் என்பவர் எழுதியது. ‘இருக்கிறாயா?’ என்று ஒரு சிறு பொட்டலத்தை அனுப்பும், ‘இருக்கிறேன்’ என்று பதில் வரும்வரை எத்தனை மில்லிவினாடி ஆனது என்று காட்டும். வீட்டுக்குள் பதில் சில மில்லிவினாடிகளில் வந்துவிடும்.

எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு வரவில்லை என்றால் கம்பி, வைஃபை, பை எல்லாம் நலம். கோளாறு பெயரை எண்ணாக மாற்றும் வேலையில் இருக்கிறது. எண்ணுக்கே பதில் இல்லை என்றால் பெயரைப் பற்றி யோசிப்பதில் அர்த்தமில்லை, முதலில் பையில் மின்சாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது சுவையான பகுதிக்கு வருவோம். ஒரு பெயரைக் கொடுத்தால் லினக்ஸ் அதை எப்படி எண்ணாக மாற்றுகிறது? அது ஒருவரிடம் மட்டும் கேட்பதில்லை, வரிசையாகச் சிலரிடம் கேட்கிறது. யாரிடம் முதலில், யாரிடம் அடுத்து என்பது ‘என்எஸ்எஸ்விட்ச்’ என்ற கோப்பில் ஒரே வரியாக எழுதப்பட்டிருக்கிறது. பல லினக்ஸ் கணினிகளில் அந்த வரிசை இப்படி இருக்கும்: முதலில் தன்னிடமே உள்ள ஒரு கோப்பு, அடுத்து வீட்டிலுள்ள மற்ற கணினிகள், கடைசியாக டி.என்.எஸ். சர்வர்.

அந்த முதல் கோப்பின் பெயர் ‘ஹோஸ்ட்ஸ்’. எல்லா லினக்ஸ் கணினியிலும் ‘இடிசி’ என்ற கோப்புறைக்குள் இருக்கிறது. திறந்து பார்த்தால் சில வரிகள்தான். ஒவ்வொரு வரியிலும் ஓர் எண், அதன் பக்கத்தில் ஒரு பெயர். இவ்வளவு எளிமையான கோப்புக்குப் பின்னால் ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

இன்றைய இணையத்துக்கு முன்னோடி அர்ப்பாநெட். 1969-இல் அமெரிக்காவின் நான்கு இடங்களிலிருந்த கணினிகளை இணைத்துத் தொடங்கியது. எழுபதுகளில் கணினிகள் பெருகப் பெருக, எந்தப் பெயர் எந்த எண் என்று ஒரே இடத்தில் எழுதிவைக்க வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரிலிருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் குழு அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. புதிதாக ஒரு கணினி வந்தால் அதன் உரிமையாளர்கள் இவர்களோடு தொடர்புகொண்டு பெயரைப் பதிவுசெய்வார்கள். அலுவலக நேரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்வதும் உண்டு. குழுவினர் அதை ‘ஹோஸ்ட்ஸ்’ பட்டியலில் சேர்ப்பார்கள். மற்றக் கணினிகள் எல்லாம் அந்தப் பட்டியலை அவ்வப்போது நகலெடுத்துக்கொள்ளும். நினைத்துப் பாருங்கள், வலையமைப்பு முழுவதற்கும் ஒரே ஒரு பெயர்ப் பட்டியல், அதைக் கையால் பராமரிக்கும் ஒரு சிறு குழு!

எத்தனை நாளைக்குத் தாங்கும்? பட்டியல் நீண்டுகொண்டே போனது. நகலெடுத்து முடிப்பதற்குள் அது பழையதாகிவிடும். தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்த பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் இதற்கு ஒரு புதிய வழி கண்டார். அதுதான் டி.என்.எஸ். ஒரே பட்டியலை எல்லோரும் நகலெடுப்பதற்குப் பதில், பட்டியலைத் துண்டு துண்டாக்கி, அந்தந்தத் துண்டை அந்தந்த இடத்தாரே வைத்துக்கொள்வது. யாருக்கு வேண்டுமோ அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பெயரின் கடைசிப் பகுதியிலிருந்து தேடல் தொடங்கும். இந்தியாவின் ‘.இன்’ என்றால் அதைப் பார்த்துக்கொள்ளும் சர்வர் எது என்று முதலில் கேட்டு, பிறகு அதனிடம் அடுத்த பகுதியைக் கேட்டு, இப்படியே இடப்பக்கமாக நகர்ந்து போகும். இன்று நீங்கள் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் இதுதான் நடக்கிறது.

டி.என்.எஸ். வந்த பிறகும் ஹோஸ்ட்ஸ் கோப்பு போய்விடவில்லை. ஒவ்வொரு கணினியிலும் அது தங்கிவிட்டது, வரிசையில் முதல் இடத்தோடு. முதலில் கேட்கப்படுகிறவர் தப்பாகச் சொன்னால் என்ன ஆகும்? சென்ற கோடை விடுமுறையில் என் அக்கா மகள் தொலைபேசியில் கூப்பிட்டபோது அதுதான் நடந்திருந்தது. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவர்கள் வீட்டுப் பைக்கு ‘நூலகம்’ என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தார்கள்.

“மாமா, நூலகம் திறக்க மாட்டேங்குது. பை எரிஞ்சுபோச்சுன்னு அண்ணன் சொல்றான்.”

“சிவப்பு லைட் எரியுதா?”

“எரியுது மாமா. பச்சையும் மினுக்கிக்கிட்டே இருக்கு.”

“அப்ப எரிஞ்செல்லாம் போகல. பிங் நூலகம்னு அடி. முதல் வரியில என்ன வருதுன்னு அப்படியே படி.”

“பிங் நூலகம்... அடைப்புக்குறிக்குள்ள 192.168.1.7... அப்புறம் 56...”

“போதும். அடுத்த வரி?”

“டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்.”

இங்கே சற்று நிற்போம். அவளுக்கு வந்த செய்தி, நாம் தொடக்கத்தில் பார்த்த செய்தி அல்ல. பெயர் தெரியவில்லை என்று அவளுடைய லேப்டாப் சொல்லவில்லை. பெயர் தெரிந்திருக்கிறது, அதற்கு 192.168.1.7 என்று ஓர் எண்ணும் கிடைத்திருக்கிறது. பிங் காட்டும் முதல் வரியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணைப் பலர் படிக்காமலே தாண்டிப் போய்விடுவார்கள். பெயர் எந்த எண்ணாக மாறியது என்பதைத் தெளிவாகச் சொல்வது அதுதான்.

பையை டி.வி.யில் இணைத்து, அதன் டெர்மினலில் ‘ஹோஸ்ட்நேம்’ என்று தட்டி, ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, பெரிய ஐ எழுத்து தட்டச் சொன்னேன். அந்தக் கட்டளை அந்தக் கணினியின் எண்ணைச் சொல்லும். அவள் படித்தாள்: 192.168.1.12.

“மாமா, இது பன்னெண்டு. அது ஏழுன்னு சொல்லுச்சு!”

கண்டுபிடித்துவிட்டாள். பை இருப்பது 12-இல், லேப்டாப் கதவைத் தட்டுவது 7-இல். அந்த 7-ஐச் சொன்னது யார்? லேப்டாப்பில் ‘கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் நூலகம்’ என்று தட்டச் சொன்னேன். கெட்என்ட் என்பது, லினக்ஸ் எந்த வரிசையில் கேட்குமோ அதே வரிசையில் கேட்டுச் சொல்லும் கருவி. அதுவும் 7 என்றே சொன்னது. வரிசையில் முதலில் இருப்பது ஹோஸ்ட்ஸ் கோப்பு, ஆகவே அதைத் திறந்தாள். கடைசி வரியில் 192.168.1.7, பக்கத்தில் நூலகம். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “அட, அது நான்தான் முன்னாடி எழுதி வச்சேன்” என்றானாம். அவன் எழுதியபோது அது சரிதான். இடையில் வீட்டுக்குப் புது ரவுட்டர் வந்திருந்தது. பழைய ரவுட்டர் யாருக்கு எந்த எண் கொடுத்தது என்று புதியதற்கு எப்படித் தெரியும்? அது தன்போக்கில் எண்களைக் கொடுத்தது, பைக்கு 12 கிடைத்தது. ஹோஸ்ட்ஸ் கோப்பு மட்டும் தானாக மாறவில்லை. மனிதர் யாராவது திருத்தினால்தான் அது மாறும்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. புது ரவுட்டர் அந்த 7-ஐ அப்பாவின் கைப்பேசிக்குக் கொடுத்திருந்தால்? பிங் செய்தால் பதில் வந்திருக்கும்! பை நலமாக இருக்கிறது என்று நம்பி, தவறான இடங்களிலெல்லாம் தேடியிருப்பார்கள். பதில் வந்தது என்பதோடு நிற்காமல், யாரிடமிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும்.

அந்த வரியை அழித்துவிடச் சொல்லவில்லை. முன்னால் ஒரு ‘#’ குறி போடச் சொன்னேன். குறி போட்ட வரியைக் கணினி படிக்காது, வேண்டுமென்றால் பிறகு குறியை எடுத்துவிடலாம். இந்தக் கோப்பை மாற்ற நிர்வாகி கடவுச்சொல் வேண்டும். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அதே கோப்பில் 127.0.0.1 என்று தொடங்கும் வரியைத் தொடாதீர்கள். அது கணினி தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும் முகவரி. டெபியன் குடும்ப லினக்ஸ்களில் 127.0.1.1 என்று இன்னொரு வரியில் அந்தக் கணினியின் சொந்தப் பெயரே இருக்கும். சென்னையில் சி-டாக் என்ற ஆய்வு நிறுவனத்தில் உருவான பாஸ் லினக்ஸும் டெபியன் குடும்பம்தான்.

குறி போட்டுவிட்டு மறுபடி பிங் செய்தாள். இப்போது வந்தது, ‘நேம் ஆர் சர்வீஸ் நாட் நோன்’.

“இன்னும் மோசமாயிடுச்சே மாமா!”

மோசமாகவில்லை. தப்பான விடை போய்விட்டது, சரியான விடை இன்னும் வரவில்லை. ஹோஸ்ட்ஸ் கோப்புக்கு நூலகம் யாரென்று இப்போது தெரியாது. கடைசியாகக் கேட்கப்படும் டி.என்.எஸ். சர்வருக்கும் தெரியாது. வெளியே இருக்கும் சர்வர்களுக்கு உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் பையை எப்படித் தெரியும்? அதன் எண்தான் கோடி வீடுகளில் இருக்கும் எண்ணாயிற்றே. சில ரவுட்டர்கள் தாம் எண் கொடுத்த கருவிகளின் பெயரைக் குறித்துவைத்துக்கொண்டு, கேட்டால் சொல்லும். அவர்கள் வீட்டு ரவுட்டர் அப்படிச் செய்யவில்லை.

மிச்சம் இருப்பது நடுவில் இருக்கும் வழி, வீட்டிலுள்ள மற்ற கணினிகளிடம் கேட்பது. ஆனால் பெயர் ‘லோக்கல்’ என்று முடிந்தால்தான் லினக்ஸ் அந்த வழியில் கேட்கும். “நூலகத்துக்குப் பின்னால ஒரு புள்ளி வச்சு லோக்கல்னு சேர்த்து அடி” என்றேன். அடித்தாள். அடைப்புக்குறிக்குள் 192.168.1.12. பதில்கள் வரிசையாக வந்து விழுந்தன. அண்ணனைக் கூப்பிட்டு அவள் போட்ட சத்தம் எனக்குத் தொலைபேசியிலேயே கேட்டது.

‘லோக்கல்’ என்று முடியும் பெயருக்கு எந்தப் பட்டியலும் கிடையாது, எந்த சர்வரும் கிடையாது. தெருமுனையில் நின்று “முருகேசன் வீடு எதுங்க?” என்று உரக்கக் கேட்டால், முருகேசனே வெளியே வந்து “இதுதான், வாங்க” என்பார் அல்லவா? அதேதான். லேப்டாப் 224.0.0.251 என்ற பொது எண்ணுக்கு, 5353 என்ற போர்ட்டில், அதாவது வாசலில், ‘நூலகம் யார்?’ என்று ஒரு கேள்வி அனுப்புகிறது. அந்த எண் எந்த ஒரு கருவிக்கும் சொந்தமானதல்ல, கேட்க விரும்பும் எல்லோரும் அதைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள். பெயருக்கு உரிய கருவியே, ‘நான்தான், என் எண் 12’ என்று பதில் சொல்கிறது. இந்த முறைக்கு எம்.டி.என்.எஸ். என்று பெயர். ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டூவர்ட் செஷயரும் மார்க் க்ரோக்மலும் இதன் விதிகளை எழுதினார்கள். 2013 பிப்ரவரியில் அது இணையத் தரமாக வெளிவந்தது. லினக்ஸில் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்யும் நிரல் அவாஹி. மடகாஸ்கர் காடுகளில் இரவில் நடமாடும் ஒரு வகை லெமூரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள்.

எண் மாறினாலும் இந்த வழி பழுதாகாது. ஒவ்வொரு கருவியும் தன் இன்றைய எண்ணைத் தானே சொல்வதால், ரவுட்டர் நாளைக்கு 20-ஐக் கொடுத்தாலும் பை 20 என்றே பதில் சொல்லும். அதனால்தான் வீட்டு வலையமைப்புக்கு இதை நான் விரும்புகிறேன். ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதுவதுதான் வேண்டும் என்றால், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அந்த எண்ணைப் பைக்கென்றே ஒதுக்கிவைத்துவிட்டுப் பிறகு எழுதுங்கள்.

எம்.டி.என்.எஸ். பதில் சொல்லாத இடங்களும் உண்டு. அதன் கேள்வி வீட்டு வலையமைப்பைத் தாண்டாது. லேப்டாப் விருந்தினர் வைஃபையிலும் பை வீட்டு வைஃபையிலும் இருந்தால் ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்காது. விருந்தினர் வைஃபை அதற்காகவே பிரித்து வைக்கப்பட்டது. அங்கே எண்ணைச் சொன்னாலும் பதில் வராது, அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். எண்ணுக்குப் பதில் வருகிறது, லோக்கல் பெயருக்கு மட்டும் வரவில்லை என்றால், பையில் அவாஹி ஓடுகிறதா, இரண்டில் எதிலாவது ஃபயர்வால் என்ற காவல் நிரல் அந்த 5353 போர்ட்டை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இணையத்தில் தேடினால் ‘டிக்’ என்ற கருவியைப் பயன்படுத்தச் சொல்வார்கள். நல்ல கருவிதான், ஆனால் இந்த வேலையில் அது குழப்பிவிடும். டிக் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் தானாகத் திறந்து பார்க்காது, லினக்ஸின் வரிசையையும் மதிக்காது. நேராக டி.என்.எஸ். சர்வரிடம் போய்க் கேட்கும். அதனால் டிக் ‘தெரியாது’ என்று சொல்லும் பெயருக்குப் பிங் பதில் வாங்கித் தரலாம். இரண்டும் பொய் சொல்லவில்லை, வேறு வேறு ஆட்களிடம் கேட்டிருக்கின்றன. உங்கள் கணினி உண்மையில் என்ன விடை பெறுகிறது என்று தெரிய வேண்டுமானால் கெட்என்ட்தான் சரி.

‘டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசல்யூஷன்’ என்று வந்தால் அது வேறு கதை. பெயர் இல்லை என்று யாரும் சொல்லவில்லை, கேட்கப் போன சர்வரிடமிருந்து சரியான பதிலே வரவில்லை. அப்போது ரவுட்டரையும் இணைய இணைப்பையும் பார்க்கலாம்.

பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். ஆங்கில எழுத்துகள், எண்கள், நடுவில் சிறு கோடு, இவை போதும். அடிக்கோடு போட்டால் சில நிரல்கள் ஏற்காது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. ஒரு பெயர்ப் பகுதி 63 எழுத்துகளைத் தாண்டக் கூடாது, அவ்வளவு நீளமாக யார் வைக்கப்போகிறார்கள்!

வீட்டுக்கு இரண்டாவது பை வந்தால் அதன் பெயரைத் தொடக்கத்திலேயே மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் இரண்டுக்கும் ‘ராஸ்ப்பெரிபை’ என்ற ஒரே பெயர் இருக்கும். எம்.டி.என்.எஸ். பேசும் கணினி விழித்ததும், கால் வினாடி இடைவெளியில் மூன்று முறை, ‘இந்தப் பெயரை யாராவது வைத்திருக்கிறீர்களா?’ என்று விசாரிக்கும். ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்தால், பின்னால் வந்தது தன் பெயரோடு ‘-2’ சேர்த்துக்கொள்ளும். எது முதலில் விழிக்கிறதோ அதற்குத்தான் முழுப் பெயர். மின்சாரம் போய் வந்த ஒரு நாள் இரண்டும் இடம் மாறிவிட்டால், புகைப்படங்களைத் தேடி நீங்கள் வேறு பைக்குள் நுழைந்திருப்பீர்கள்.